டம்மி டக்: ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டம்மி டக் என்பது வயிற்றில் தொங்கும் தோலை வெட்டி எடுத்து, விலகிய தசையை இழுத்துத் தைக்கும் ஆபரேஷன். டம்மி டக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது தேதியைத்தான். "பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு, அதற்குள் முடித்துக்கொள்ளலாமா?" தேதியை முதலில் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ரத்தசோகை சரியாக ஆறேழு வாரம் வேண்டும், கையில் பத்து நாள்தான் மீதி இருக்கும். வீட்டில் சமைக்க ஆள் இருக்காது. இன்சூரன்ஸ் பணம் தராது என்பது அட்மிஷன் அன்றைக்குத்தான் தெரியவரும்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். தேதி ஆறாவது படியில்தான் வருகிறது. சிலருக்கு முதல் படியிலேயே "எனக்கு இந்த ஆபரேஷன் வேண்டியதில்லை" என்று தெரிந்துவிடும். அதுவும் லாபம்தான்.

1. உங்கள் வயிறு எதனால் முன்தள்ளுகிறது என்று பாருங்கள்

வயிறு பெரிதாகத் தெரிய நாலு காரணங்கள் இருக்கலாம்: தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, தொங்கும் தோல், பிரசவத்தில் நடுவில் விலகிப்போன தசை, குடலைச் சுற்றிச் சேர்ந்த உள்கொழுப்பு. டம்மி டக் தொங்கும் தோலுக்கும் விலகிய தசைக்கும்தான். தோலோடு ஒட்டிய கொழுப்பில் கொஞ்சம் கூடவே போகும். உள்கொழுப்பை அது தொடவே தொடாது, ஏனென்றால் அது தசைக்குப் பின்னால் இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாக்கப் படுங்கள். வயிறு தட்டையாகி, தோல் மட்டும் பக்கவாட்டில் சரிந்தால் டம்மி டக்கால் பலன் இருக்கும். படுத்த பிறகும் வயிறு பானை மாதிரி மேலே நின்றால் அது பெரும்பாலும் உள்கொழுப்பு. அதற்கு வழி உணவும் நடையும் சர்க்கரைக் கட்டுப்பாடும்தான். நம் ஊர்க்காரர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு உண்டு. எனவே எடை குறைவாக இருக்கிறதே என்று இந்தச் சோதனையைத் தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து தசை. அதே மாதிரி படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களை வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக உள்ளே போனால் தசை விலகியிருக்கிறது. இதற்கு முதலில் பிசியோதெரபிஸ்டிடம் சில மாதங்கள் பயிற்சி எடுத்துப் பாருங்கள். விலகல் குறைவாக இருந்தால் அதிலேயே நல்ல மாற்றம் தெரியும்.

தொப்புளிலோ சிசேரியன் தழும்பிலோ இருமும்போது ஒரு உருண்டை எட்டிப்பார்த்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதைக் கட்டாயம் சர்ஜனிடம் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆபரேஷன் திட்டமே மாறும், இன்சூரன்ஸ் கணக்கும் மாறும்.

2. உள்ளே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிசேரியன் தழும்பை ஒட்டி, ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளமாகக் கீறுவார்கள். தோலையும் கொழுப்பையும் சேர்த்து விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்குவார்கள். விலகிய தசைகளை, புடவையில் கொசுவம் பிடிப்பதுபோல நடுவில் இழுத்து வைத்துத் தைப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். தொப்புள் அதன் இடத்திலேயே இருக்கும், மேலே வந்த தோலில் புதிதாக ஒரு துளை போட்டு அதை வெளியே எடுப்பார்கள். முழு மயக்கத்தில் சாதாரணமாக இரண்டு முதல் நாலு மணி நேரம் ஆகும்.

இதைத் தெரிந்துகொண்டால் பல சந்தேகங்கள் தானாகத் தீரும். தழும்பு ஏன் அவ்வளவு நீளம், தொப்புளுக்குக் கீழே ஏன் மாதக்கணக்கில் மரத்திருக்கிறது, முதல் வாரம் ஏன் நிமிர்ந்து நடக்க முடியாது, எல்லாவற்றுக்கும் காரணம் இதில் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே உள்ள பிரசவக் கோடுகள் வெட்டி எடுக்கும் தோலோடு போய்விடும். மேலே உள்ளவை போகாது, கீழே இறங்கி வரும்.

மினி டம்மி டக் என்பது தொப்புளுக்குக் கீழே மட்டும். தொங்கல் கொஞ்சமாக இருப்பவர்களுக்கே அது சரி. தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் இருப்பவருக்கு, கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷனே போதும். தோல் தொங்குகிறவர் வெறும் லைபோசக்ஷன் செய்துகொண்டால் தொங்கல் இன்னும் அதிகமாகும்.

3. காலம் கனிந்துவிட்டதா?

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் நிறுத்திவையுங்கள். டம்மி டக்குக்குப் பிறகு கர்ப்பம் தரிக்கலாம், ஆனால் தைத்த தசையும் இழுத்த தோலும் மறுபடி விரிந்துவிடும்.

பிரசவம் முடிந்து குறைந்தது ஆறு மாதம், தாய்ப்பால் நிறுத்திச் சில மாதங்கள் ஆகட்டும். அதற்குள் வயிறு தானாகவே எவ்வளவோ சுருங்கும். எடை ஆறு மாதமாக ஒரே அளவில் நிற்க வேண்டும். எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்கள் என்றால் ஒன்று, ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் கேள்வி: "சிசேரியன் செய்யும்போதே கையோடு இதையும் முடித்துவிடலாமா?" வேண்டாம். அந்த நேரத்தில் கருப்பை பெரிதாக இருக்கும், தோல் நீரேறி விரிந்திருக்கும், எவ்வளவு வெட்டுவது என்ற அளவே கிடைக்காது. பிரசவ காலத்தில் ரத்தம் உறையும் தன்மையும் இயல்பாகவே கூடியிருக்கும். கருப்பை எடுக்கும் ஆபரேஷனோடு சேர்த்துச் செய்வது வேறு விஷயம். அதைச் செய்கிறார்கள், ஆனால் மயக்க நேரமும் ஆபத்தும் கூடும் என்பதை இரண்டு டாக்டர்களிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

4. உடம்பைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். இரண்டு, மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஆபரேஷன் நன்றாகப் போயும் புண் ஆறாமல் கஷ்டப்படுகிறவர்களில் பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்.

எடை. உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணிக்கும் பி.எம்.ஐ. 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது சுமார் 72 கிலோ. அதற்கு மேல் போகப் போக புண் பிளப்பது, நீர் கோர்ப்பது, ரத்தம் உறைவது எல்லாம் கூடும். ஆனால் ஆபரேஷனுக்காகக் கடைசி மாதம் பட்டினி கிடந்து எடை குறைக்காதீர்கள். புரதச் சத்து குறைந்த உடம்பில் தையல் பிடிக்காது.

ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எனவே "எனக்கு இருக்காது" என்று நினைக்காமல் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடுங்கள். காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறிய ரத்தம் அடுத்த மாதமே இறங்கிவிடும்.

சர்க்கரை. அன்றைக்குக் காலையில் பார்த்த அளவு போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 8ஐத் தாண்டினால் பெரும்பாலான சர்ஜன்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். அந்த அளவு கீழே வரவே இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்பதால்தான் இதை இப்போதே சொல்கிறேன்.

புகையிலை. சிகரெட், பீடி மட்டும் இல்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ், குட்கா, நிக்கோட்டின் சூயிங்கம் எல்லாமே கணக்கில் வரும். குறைந்தது ஆபரேஷனுக்கு முன் நாலு வாரம், பின் நாலு வாரம் அறவே கூடாது. காரணம் நேரடியானது: பிரித்துத் தூக்கிய தோலுக்கு ரத்தம் சில சிறு குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. நிக்கோட்டின் அந்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் போகாத தோல் கறுத்து அழுகும், பெரும்பாலும் தையலின் நடுப்பகுதியில். "நீங்கள் புகைப்பீர்களா?" என்று கேட்டால் நம் பெண்கள் "இல்லை" என்பார்கள், அது உண்மைதான். வெற்றிலைப் புகையிலை பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

இருமல். ஆஸ்துமா, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இருந்தால் முதலில் குணப்படுத்துங்கள். ஒவ்வொரு இருமலும் முக்கலும் உள்ளே தைத்த தசையை இழுக்கும்.

5. சர்ஜனைத் தேர்ந்தெடுங்கள்

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே அறுவை சிகிச்சைப் படிப்பு, அதற்கு மேலே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம் இருக்க வேண்டும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பலகை சர்ஜன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தோல் டாக்டர் வேறு, பிளாஸ்டிக் சர்ஜன் வேறு. டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். ஆஸ்பத்திரி தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம், நல்ல இடத்தில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள். மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருப்பாரா? இரவில் ஏதாவது ஆனால் ஐசியு இங்கேயே இருக்கிறதா? ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்வீர்கள்? உள்ளே சேரும் நீரை வெளியே எடுக்க டிரெயின் டியூப் வைப்பீர்களா? ஓரத்தில் தோல் முடிச்சு மாதிரி துருத்தினாலோ தழும்பு மோசமானாலோ திருத்தும் ஆபரேஷனுக்கு யார் செலவு? வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி பத்து மணிக்கு எந்த எண்ணுக்கு அழைப்பது?

படங்களைக் காட்டச் சொல்லும்போது ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒரு மாதப் படத்தில் தழும்பின் உண்மையான நிறம் தெரியாது. உங்கள் நிறத்தை ஒத்தவர்களின் தழும்பைப் பார்ப்பது இன்னும் பயன்படும். கூடவே, உங்கள் படத்தை விளம்பரத்தில் போடுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். கொடுக்கும் படிவங்களில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே அட்வான்ஸ் கட்டச் சொல்லி, "இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொறுப்பான சர்ஜன் சிலரை "வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவார்.

6. எல்லாவற்றையும் சொல்லி, பணத்தைப் பேசி, அதன் பிறகு தேதி

பழைய ஆபரேஷன் தழும்புகள் அத்தனையையும் காட்டுங்கள். வலது விலாவுக்குக் கீழே பித்தப்பை எடுத்த பெரிய தழும்பு இருந்தால் அது முக்கியம். அந்த வழியாக வரும் ரத்த ஓட்டம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும் என்பதால் தோலைப் பிரிக்கும் விதத்தையே மாற்ற வேண்டிவரும். காது குத்திய இடம், தடுப்பூசி போட்ட இடம் தடித்துக் கட்டியாக இருந்தால் அதையும் காட்டுங்கள். உங்கள் தோலுக்குத் தழும்பு தடிக்கும் குணம் இருக்கலாம்.

சாப்பிடும் மாத்திரைகளை நினைவிலிருந்து சொல்லாமல் அட்டையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ ஆகியவை ரத்தப்போக்கைக் கூட்டலாம். சித்த, நாட்டு மருந்துகளும் பட்டியலில் இருக்கட்டும். சர்க்கரைக்கான டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடை குறைக்கப் போடும் செமாக்ளுடைடு ஊசி வயிற்றில் உணவைத் தேக்கிவைக்கும் என்பதால் மயக்க டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் அதுவும் ரத்தம் உறைவதோடு தொடர்புள்ளது. பெரும்பாலும் நாலு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆபரேஷன் நாளில் மாதவிடாய் வந்துவிடுமோ என்று பயந்து, கோயிலுக்குப் போக வாங்கும் அதே தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். வேண்டாம். மாதவிடாய் வந்தாலும் பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கும். தேதி தெரிந்தால் சர்ஜனிடம் சொல்லுங்கள், நாளை மாற்றித் தருவார்.

பணம். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனை மருத்துவக் காப்பீடு ஏற்காது. குடலிறக்கம் இருந்து அதைச் சரிசெய்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் கேட்கலாம், முன் அனுமதியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வேண்டும். பில்லைக் குடலிறக்கம் என்று 'எழுதிக்கொடுக்க' யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பின்னால் கிளெய்ம் நிராகரிப்பு மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகலாம். மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், ரூம், பரிசோதனை, பிறகு வயிற்றில் கட்டும் பெல்ட், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, டிரஸ்ஸிங், ஜிஎஸ்டி எல்லாம் அதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இப்போது தேதி. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு மாத லீவில் வருகிறவர்கள் இறங்கிய மறுநாளே செய்துகொண்டு கடைசி வாரம் கல்யாணத்துக்குப் போகலாம் என்று திட்டம் போடுகிறார்கள். நீண்ட பயணம் முன்னும் பின்னும் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். வந்து சில நாள் ஓய்வு, ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் அனுமதிக்கும் வரை தங்கல் என்று பார்த்தால் ஒரு மாத லீவு இறுக்கமானது.

7. வீட்டைத் தயார் செய்யுங்கள்

ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம்? தண்ணீர்க் குடம் கூடாது, 20 லிட்டர் கேன் கூடாது, ஈரத்துணி வாளி கூடாது. காஸ் சிலிண்டர் காலியாக இருந்தாலே 15 கிலோ. எல்லாவற்றையும் விடக் கடினம், இரண்டு வயதுக் குழந்தை ஓடிவந்து கையை நீட்டும்போது தூக்காமல் இருப்பது. ஒரு வாரம் முன்பிருந்தே, நீங்கள் உட்கார்ந்த பிறகு குழந்தை தானாக ஏறி மடிக்குப் பக்கத்தில் வந்து உட்காரப் பழக்குங்கள்.

முதல் இரண்டு வாரம் முழு நேரம் ஒருவர் கூட இருக்க வேண்டும். "அம்மா வந்து போவார்கள்" என்பது போதாது. ராத்திரி பாத்ரூம் போக எழுப்பிவிடுவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

குத்தவைக்கும் டாய்லெட் மட்டும் உள்ள வீடு என்றால் கமோடு நாற்காலி வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருவது, பாய் போட்டுப் படுப்பது, உட்கார்ந்து பெருக்குவது எல்லாம் ஆறு வாரத்துக்குக் கிடையாது. மாடிப்படி ஏறலாம், மெதுவாக. ஆனால் படுக்கை கீழ்த்தளத்தில் இருந்தால் நல்லது.

படுக்கை முக்கியம். முதுகு உயர்ந்து முழங்கால் மடங்கிய நிலையில்தான் இரண்டு வாரம் தூங்க வேண்டும், அப்போதுதான் தையலில் இழுப்பு இருக்காது. முதுகுக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு. வீட்டில் பழைய ஈஸி சேர் இருந்தால் தூசி தட்டி வையுங்கள், பகலில் அதைவிட வசதி வேறில்லை. ஆனால் முழங்காலை மடக்கியபடி மணிக்கணக்கில் அசையாமல் இருக்காதீர்கள், பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

உடை: முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் உள்ள நைட்டி நாலைந்து. தலை வழியாகப் போடும் நைட்டி முதல் வாரம் வேதனை. டிரெயின் டியூபைக் குத்திக்கொள்ள ஊக்கு வேண்டும். பெல்ட் இரண்டு இருந்தால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றதைப் போடலாம். ஆனால் சர்ஜன் அளவு சொன்ன பிறகு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு சேலைத்துணியால் இறுக்கிக் கட்டிய பழக்கத்தில் பெல்ட்டையும் மூச்சு முட்ட இறுக்குகிறார்கள். வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் காலிலிருந்து மேலே வரும் ரத்த ஓட்டம் தடைபடும். இரண்டு விரல் நுழையும் அளவே சரி.

8. கடைசி வாரம்

மூக்குத்தி. திருகு இறுகிய பழைய மூக்குத்தியை ஆபரேஷன் அன்று காலை சோப்பு போட்டு இழுத்து மூக்கைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ஒரு வாரம் முன்பே நகைக் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். மெட்டி, வளையல், இடுப்பில் கட்டிய தாயத்துக் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்க மின்கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் பட்ட இடத்தில் சூடு பட வாய்ப்புண்டு. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் பலர். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி இதற்காக அழுவதைப் பார்க்கப் பொறுக்காது. முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் கேட்டு, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று பேசி வையுங்கள். மாமியார், அம்மாவிடமும் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள்.

நகத்தில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி நகம் வழியாகத்தான் பார்க்கிறது.

வயிற்று முடியையும் அடிமுடியையும் வீட்டில் ரேஸரால் வழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். சொல்லியபடி குளியுங்கள், குளித்த பிறகு எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். தொப்புளுக்குள் அழுக்கு இருந்தால் சில நாள் முன்பே மென்மையாகச் சுத்தம் செய்யத் தொடங்குங்கள்.

நீங்கள் வழக்கமாகப் போடும் உள்ளாடையையும் ஒரு உள்பாவாடையையும் கொண்டுபோங்கள். ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் நிற்கவைத்துக் கோடு போடுவார். நாடா எங்கே வரும், புடவையை எவ்வளவு இறக்கிக் கட்டுவீர்கள் என்று அப்போது காட்டினால்தான் தழும்பை முடிந்தவரை அதற்குக் கீழே வைக்க முடியும். கோடு போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

வெறும் வயிறு. திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி என்றால் எட்டு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது பொது விதி. உங்களுக்கு மயக்க டாக்டர் சொல்வதே கணக்கு. "காபி மட்டும்தானே" என்று காலையில் குடித்துவிட்டு வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். பால் கலந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து.

சளி, காய்ச்சல், வயிற்றுத் தோலில் கொப்புளம் என்று எது இருந்தாலும் முந்தின நாளே போன் செய்யுங்கள்.

9. முதல் இரண்டு வாரம்

அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்கவைப்பார்கள். வலிக்கிறது, நாளைக்கு நடக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அழகுக்கான ஆபரேஷன்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் உள்ளவற்றில் இதுவும் ஒன்று. நடைதான் முதல் மருந்து. குனிந்தே நடங்கள், முதுகு வலிக்கும், அது இயல்பு. ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல நிமிரலாம். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

டிரெயின் வைத்திருந்தால் காலையும் மாலையும் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள். புதியவர்கள் தவறு செய்யும் இடம் இது: டியூபின் முனையில் நீர் சேரும் உருண்டையிலிருந்து நீரைக் கொட்டிவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். மூடியைத் திறந்து, கொட்டி, உருண்டையைக் கையால் நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூட வேண்டும். உருண்டை உப்பியிருந்தால் உறிஞ்சவில்லை என்று அர்த்தம். நீர் உள்ளேயே தேங்கும். நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம் என்று மாறுவது நல்ல அடையாளம்.

சாப்பாடு. வீட்டுப் பெரியவர்கள் பத்தியம் என்று ரசம் சாதத்தில் நிறுத்திவிடுவார்கள். முட்டை, மீன், தயிர் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை, அன்பினால்தான் சொல்கிறார்கள். உண்மையில் புதுத் தோல் உருவாகப் புரதம்தான் மூலப்பொருள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் தினமும் முட்டை, மீன் அல்லது கோழி, பருப்பு, சுண்டல், தயிர் சாப்பிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பெரியவரையும் கூட வைத்துக்கொண்டு, சர்ஜன் வாயாலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் பத்து முறை சொல்வதைவிட அது வேலை செய்கிறது.

வலி மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கும். தண்ணீர், பப்பாளி, கீரை, தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மலமிளக்கி. முக்காதீர்கள். இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

தொப்புளுக்குக் கீழே மரத்திருக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் வெந்தது தெரியும். இது பல மாதங்களுக்குப் பொருந்தும், மாதவிடாய் வலிக்கு வைக்கும் வெந்நீர்ப் பைக்கும் சேர்த்துத்தான்.

10. யோசிக்காமல் கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால், மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் உடனே 108. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நாற்றமடிக்கும் கசிவு, தோலோ தொப்புளோ கறுப்பது, டிரெயினில் திடீரென நிறைய ரத்தம், ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்குவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே சர்ஜனைப் பார்க்க வேண்டும். டிரெயின் எடுத்த பிறகு வயிற்றில் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால் நீர் கோர்த்திருக்கிறது. ஊசியால் எடுத்துவிடுவார்கள், சில முறை எடுக்க வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

11. அதற்கு அப்புறம்

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் போகலாம். நின்று பார்க்கும் வேலை, கடை வேலை என்றால் ஆறு வாரம். ஸ்கூட்டி மூன்று, நாலு வாரத்துக்குப் பிறகு, திடீர் பிரேக் போட்டால் வயிற்றில் வலி இல்லை என்ற நிலை வந்த பிறகு. தாம்பத்தியத்துக்கும் நாலு முதல் ஆறு வாரம். வயிற்றுக்கான உடற்பயிற்சியை டாக்டர் சொல்லும் வரை தொடாதீர்கள். உள்பாவாடை நாடா தழும்பில் உரசும் என்பதால் ஆறு வாரம் வரை நைட்டியோ இடுப்பில் அகலப் பட்டை வைத்த உடையோ நல்லது.

இரண்டாவது வாரத்திலிருந்து மனம் சோர்கிறவர்கள் நிறைய. காலையில் தட்டையாக இருந்த வயிறு மாலையில் வீங்கியிருக்கும், "இவ்வளவு செலவு செய்து இதற்கா?" என்று தோன்றும். வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் முதல் மூன்று மாதம் தினமும் கண்ணாடி முன் நின்று அளக்காதீர்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும்.

தழும்பு முதல் சில மாதம் கறுத்து, தடித்து, அரிக்கும். புண் முழுதாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட்டைத் தொடங்கி, குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் பயன்படுத்துங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், யாரோ சொன்ன களிம்பு எதையும் திறந்த புண்ணில் பூசாதீர்கள். தழும்பு கோட்டைத் தாண்டி வளர்ந்து கட்டியானால் சீக்கிரமே காட்டுங்கள், ஆரம்பத்தில் ஊசி போட்டால் அடங்கும். மற்றபடி ஓரத்துத் துருத்தலோ தொப்புளின் வடிவமோ பிடிக்கவில்லை என்றால் திருத்தத்தைப் பற்றிப் பேச ஒரு வருடம் பொறுங்கள். அதற்கு முன் சர்ஜன் கத்தி வைக்க மறுத்தால் அவர் சரியாகத்தான் செய்கிறார்.